வங்கியை விட்டுவிட்டு என்.சி.டி.க்குப் போகலாமா? ஓசூர் தொழில்முனைவருக்குப் பதில்

கேள்வி: ஓசூரில் கார், டிராக்டர் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. கடந்த ஆண்டு விற்றுமுதல் 140 கோடி ரூபாய். வட்டி, தேய்மானம், வரி கழிப்பதற்கு முந்தைய லாபம் 15.4 கோடி. வங்கியில் டெர்ம் லோன் பாக்கி 18 கோடி, அதில் ஆண்டுக்கு 4.5 கோடி அசல் கட்டுகிறோம். அன்றாட நடைமுறைச் செலவுக்கான சி.சி. (கேஷ் கிரெடிட்) லிமிட் 22 கோடி, முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் வட்டி சுமார் 10.5%. கடன் ரேட்டிங் பிபிபி மைனஸ், அதாவது முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படி. உருக்கைச் சூடாக்கி அச்சில் அழுத்திப் பாகமாக்கும் புதிய ஃபோர்ஜிங் லைன் போட 30 கோடி தேவை. வங்கி நான்கு மாதமாக இழுத்தடிக்கிறது. ஒரு கன்சல்டன்ட் மூன்று ஆண்டு என்.சி.டி. (பங்காக மாற்ற முடியாத கடன்பத்திரம்) மூலம் 13.5% வட்டிக்குப் பணம் திரட்டித் தருவதாகச் சொல்கிறார். முன்கூட்டியே 2% கட்டணம் கேட்கிறார். என் மாமனாரோ, அதே கடன்பத்திரத்தைத் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்களிடம் 12%-க்கு விற்றுவிடலாம் என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் கணக்குக்கு இரண்டுமே ஒத்துவராது. என்.சி.டி. கெட்ட கருவி அல்ல. இந்தச் செலவுக்கு, இந்த ரேட்டிங்கில், மூன்று ஆண்டுத் தவணையில் அது பொருந்தாது, அவ்வளவுதான். பலர் 13.5-க்கும் 10.5-க்கும் உள்ள 3 சதவீத இடைவெளியை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். 30 கோடிக்கு அது ஆண்டுக்கு 90 லட்சம். வலிக்கும், ஆனால் கம்பெனி அதனால் படுத்துவிடாது. படுக்க வைப்பது அசல் திரும்பும் தேதி.

இன்றைய நிலையிலிருந்து பார்ப்போம். 40 கோடிக் கடனுக்கு ஆண்டு வட்டி 4.2 கோடி, அசல் 4.5 கோடி, வருமான வரி தோராயமாக 1 கோடி. 15.4-ல் இவை போக மிஞ்சுவது 5.7 கோடி. என்.சி.டி. வட்டி 30 கோடிக்கு 4.05 கோடி, அதைக் கட்டிவிடலாம். ஆனால் ஃபோர்ஜிங் லைன் என்பது பிரஸ் ஆர்டர் கொடுத்து, அடித்தளம் போட்டு, ஹீட்டர், டை எல்லாம் வந்து ஓட ஆரம்பிக்கவே ஓராண்டு ஆகும். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் கம்பெனி மாதிரி பாகங்களைச் சோதித்து பி.பி.ஏ.பி. என்ற உற்பத்தி அனுமதி தர இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, முழு வருமானம் பதினெட்டாவது மாதத்துக்குப் பிறகுதான். மூன்று ஆண்டுப் பத்திரத்தில் பாதிக் காலம் லைன் சம்பாதிக்காமலேயே கழிந்துவிடும். முதல் ஆண்டு அசலுக்கு விடுப்புக் கிடைத்தாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 கோடி அசல் கட்ட வேண்டும். மொத்தமாகக் கடைசியில் என்றால் ஒரே நாளில் 30 கோடி. புதிய லைன் ஆண்டுக்கு 5 கோடி சம்பாதித்தாலும் அதற்கு எட்டாது. "அப்போது வேறு கடன் வாங்கி இதை அடைத்துக்கொள்ளலாம்" என்று கன்சல்டன்ட் சொல்வார். சந்தை அன்றைக்குத் திறந்திருக்க வேண்டுமே.

அது எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். தவணை தவறியது, சில வாரம் முன்புவரை அதற்கு உச்ச ரேட்டிங்கான ஏஏஏ இருந்தது. அடுத்த ஆண்டு வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.-உம் தவறியது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியது. குறைந்த ரேட்டிங் பத்திரங்களை அதிகம் வாங்கி வைத்திருந்த திட்டங்கள் அவை. அதன்பின் மியூச்சுவல் ஃபண்டுகள் ஏஏ-வுக்குக் கீழே இறங்கத் தயங்கின. காப்பீட்டு நிறுவனங்களும் பி.எஃப். பணமும் அதற்கு முன்பிருந்தே அங்கே வருவதில்லை. எனவே பிபிபி மைனஸ் கம்பெனியின் பத்திரத்தை வாங்குபவை பெரும்பாலும் தனியார் கடன் நிதியங்கள்தான். பிணையும் கட்டுப்பாடுகளும் அவர்கள் சொல்வதுதான், 13.5% என்பதும் பேச்சின் ஆரம்ப விலை என்றே கொள்ளுங்கள்.

அடுத்தது ரேட்டிங். இன்று உங்கள் கடன், 15.4 கோடி லாபத்தைப்போல 2.6 மடங்கு. 30 கோடி சேர்ந்தால் லைன் ஓடும் வரை 4.5 மடங்கு. பிபிபி மைனஸிலிருந்து ஒரு படி இறங்கினால் பிபி பிளஸ். முதலீட்டுத் தரத்துக்கு வெளியே. என்.சி.டி. ஒப்பந்தங்களில் ரேட்டிங் இறங்கினால் வட்டி கூடும், குறிப்பிட்ட படிக்குக் கீழே போனால் முழுப் பணத்தையும் உடனே திருப்பிக் கேட்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அதாவது, இந்தக் கடனை வாங்குவதே இந்தக் கடனை முன்கூட்டியே திருப்பிக் கேட்கக் காரணமாகிவிடலாம். எந்த வழியில் போனாலும், பணம் திரட்டும் முன்பே ரேட்டிங் ஏஜென்சியிடம் திட்ட அறிக்கையைக் கொடுத்துப் பேசுங்கள். கேட்ட விவரத்தைத் தராமல் விட்டால் ரேட்டிங்குக்குப் பக்கத்தில் "ஒத்துழைக்காத நிறுவனம்" என்று போட்டுவிடுவார்கள். அது ஒரு படி இறங்குவதைவிட மோசம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் கன்சல்டன்ட் சொல்லாமல் விட்டது இருக்கிறது. கம்பெனி டெபாசிட் விதிகளின்படி, தனிநபர்களுக்கு விற்கும், ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடாத என்.சி.டி. "டெபாசிட்" ஆகாமல் இருக்க வேண்டுமென்றால், கம்பெனியின் சொத்தின்மீது முதல் சார்ஜ் (அடமான உரிமை) அல்லது முதல் சார்ஜுக்குச் சமமான பாரி பாசு சார்ஜ் இருக்க வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவுபெற்ற நிதியங்களும் மற்ற கம்பெனிகளும் தரும் பணம் டெபாசிட் ஆகாது; ஆனால் அவர்களும் இதே மாதிரி பிணையைத்தான் கேட்பார்கள். சொத்து என்றால் நிலம், கட்டடம், இயந்திரம் மாதிரியானவை. பிராண்டு, குட்வில் கணக்கில் வராது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் சந்தை மதிப்பைத் தாண்டிப் பத்திரம் போடவும் முடியாது. உங்கள் ஃபாக்டரியின் நிலம், கட்டடம், இருக்கும் இயந்திரம் எல்லாமே ஏற்கெனவே வங்கியிடம் முதல் சார்ஜில் இருக்கும் என்றே நினைக்கிறேன். வங்கி பாரி பாசுவுக்கு எழுத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) தர வேண்டும். நான்கு மாதமாக லோனுக்கே பதில் சொல்லாத வங்கி, தன் பிணையில் இன்னொருவருக்குச் சமபங்கு தரக் கையெழுத்துப் போடுமா? இரண்டாவது சார்ஜ் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றால் அது விதியைப் பூர்த்தி செய்யாது. வாங்கப்போகும் பிரஸ்ஸின்மீது கொடுக்கலாம் என்றால், பத்திரம் போடும் அன்று அந்தப் பிரஸ் கைவசம் இல்லை. உங்கள் சொந்த வீட்டையும் பங்குகளையும் அடமானம் வைத்தால் பணம் தருபவர் மகிழ்வார். ஆனால் அது கம்பெனியின் சொத்து அல்ல.

விதிக்குள் வராத பத்திரம் டெபாசிட் ஆகிவிட்டால் என்ன? பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க பிரைவேட் கம்பெனிக்கு உரிமையே கிடையாது. குறைந்தது 100 கோடி நிகர மதிப்போ 500 கோடி விற்றுமுதலோ உள்ள பப்ளிக் கம்பெனிக்குத்தான் அது உண்டு. மீறினால் கம்பெனிக்கு அபராதம் குறைந்தபட்சம் 1 கோடி அல்லது வாங்கிய தொகையின் இரு மடங்கு, இதில் எது குறைவோ அது; அதிகபட்சம் 10 கோடி வரை போகும். பொறுப்பான அதிகாரிகளுக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. இது கம்பெனிகள் சட்டம் 76ஏ பிரிவு.

மாமனாரின் யோசனைக்கு வருகிறேன். பிரைவேட் பிளேஸ்மென்ட்டில், அதாவது பொதுவில் அறிவிக்காமல் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பத்திரம் விற்பதில், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பத்திரத்தை முன்வைக்கக் கூடாது. வாங்கியவர் எண்ணிக்கை அல்ல, நீங்கள் கேட்டவர் எண்ணிக்கை. பெயர் குறித்து, வரிசை எண் போட்ட பி.ஏ.எஸ்.-4 கடிதம் யாருக்குப் போகிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். வாட்ஸ்அப் குரூப்பில் "நம்ம கம்பெனி பத்திரம், 12% வட்டி" என்று ஒரு மெசேஜ் போட்டாலே அது விளம்பரம். விளம்பரம் செய்தால் பிரைவேட் பிளேஸ்மென்ட் என்ற தகுதி போய்விடும். சகாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் பிரைவேட் பிளேஸ்மென்ட் என்று சொல்லிக் கோடிக்கணக்கானோரிடம் பத்திரம் விற்ற வழக்கில், 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் மொத்தப் பணத்தையும் 15% வட்டியோடு திருப்பச் சொன்னது. அளவு வேறு, ஆனால் உங்களுக்கும் அதே தர்க்கம்தான். 200 பேருக்கு விற்று, மறுவாரமே அவர்கள் வழியாக இன்னும் பலருக்குக் கைமாற்றும் ஏற்பாடுகளையும் செபி இப்போது அப்படித்தான் பார்க்கிறது. 2024 நவம்பரில் பதிவில்லாத சில இணையத் தளங்களை இதற்காகத் தடுத்தது.

குடும்பப் பணத்துக்குச் சட்டமே ஒரு வாசல் வைத்திருக்கிறது. பிரைவேட் கம்பெனியின் டைரக்டரும் அவருடைய உறவினரும் கொடுக்கும் கடன் டெபாசிட் அல்ல. "இது என் சொந்தப் பணம், கடன் வாங்கியது அல்ல" என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கம்பெனி அதை போர்டு அறிக்கையில் காட்ட வேண்டும். ஆனால் சட்டத்தின் உறவினர் பட்டியல் நம் கல்யாணப் பத்திரிகைப் பட்டியல் அல்ல: கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கூட்டுக் குடும்ப உறுப்பினர். மாமனாரும் மைத்துனரும் அதில் இல்லை! உங்கள் மனைவியும் டைரக்டராக இருந்தால் கதை வேறு. அவருக்கு உங்கள் மாமனார் அப்பா ஆகிவிடுகிறார், மைத்துனர் கூடப்பிறந்தவர் ஆகிவிடுகிறார். அப்போது அவர்கள் தரும் பணம் சட்டத்துக்கு உட்பட்டது.

இத்தனைக்கும் பிறகும் வங்கி என்.ஓ.சி. கொடுத்து, நிதியமும் ஐந்தாறு ஆண்டுத் தவணைக்கு ஒப்புக்கொண்டால் வேலை இப்படிப் போகும். போர்டு தீர்மானம் போட்டு, அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் எம்.ஜி.டி.-14 படிவத்தில் தாக்கல் செய்த பிறகுதான் பி.ஏ.எஸ்.-4 கடிதம் வெளியே போக வேண்டும். இந்த வரிசை மாறிப்போவதுதான் ஆடிட்டில் அடிக்கடி சிக்கும் தவறு. அதற்கு முன்பே, பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் செயல்படும் டிபென்ச்சர் டிரஸ்டியை நியமித்து, அவர் சம்மதக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். பத்திரம் டீமேட் வடிவில்தான், டெபாசிட்டரிகளான என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல்.-இல் பத்திரத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஐ.என். வாங்க நாள் பிடிக்கும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பணம் தனி வங்கிக் கணக்கில், வாங்குபவரின் கணக்கிலிருந்தே வர வேண்டும், ரொக்கம் கூடாது. பணம் வந்த 60 நாளுக்குள் ஒதுக்கீடு செய்யாவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்ப வேண்டும், அதையும் தாண்டினால் 12% வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள் ஒதுக்கீட்டு விவரப் படிவமான பி.ஏ.எஸ்.-3 தாக்கல் ஆக வேண்டும், அது ஆகும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. பிரஸ் சப்ளையருக்கு அட்வான்ஸ் அனுப்பும் அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான். டிரஸ்டியுடன் போடும் டிரஸ்ட் டீடு, பத்திரம் ஒதுக்கிய 60 நாளுக்குள், சார்ஜ் பதிவு செய்யும் சி.எச்.ஜி.-9 படிவம் சார்ஜ் உருவான 30 நாளுக்குள். முத்திரைக் கட்டணம் 0.005%, 30 கோடிக்கு 15,000 ரூபாய். டிரஸ்ட் டீடுக்கும் அடமானத்துக்கும் மாநிலக் கட்டணம் தனி. கட்டும் வட்டியில் 10% வரி பிடிக்க வேண்டும்.

கன்சல்டன்ட் கணக்கில் வராத இன்னொரு செலவும் உண்டு. பட்டியலிடாத உற்பத்திக் கம்பெனி, நிலுவையிலுள்ள பத்திர மதிப்பில் 10 சதவீதத்தை லாபத்திலிருந்து டிபென்ச்சர் மீட்பு இருப்பாக ஒதுக்க வேண்டும். உங்களுக்கு 3 கோடி. அது புத்தகக் கணக்குதான், அந்த அளவுக்கு டிவிடெண்ட் எடுப்பது குறையும். ஆனால் எந்த நிதியாண்டில் பத்திரம் முதிர்கிறதோ, அந்த ஆண்டின் ஏப்ரல் 30-க்குள் முதிரும் தொகையில் 15 சதவீதத்தை வங்கி டெபாசிட்டிலோ அரசுப் பத்திரத்திலோ உண்மையான பணமாகப் போட்டு வைக்க வேண்டும். 30 கோடியும் மார்ச்சில் முதிர்வதாக இருந்தால், முந்தைய ஏப்ரலிலேயே 4.5 கோடி முடங்கும். 13.5 சதவீதத்துக்கு வாங்கிய பணம் பதினொரு மாதம் வங்கி டெபாசிட் வட்டியில் தூங்கும்.

பட்டியலிட்டால் இந்த இருப்புத் தொல்லை இல்லையே, பிணை விதியும் தளருமே என்று கேட்கலாம். சரிதான். பதிலுக்கு செபியின் விதிகள் முழுவதும் வந்து உட்காரும்: காலாண்டு முடிவுகள், இணையதள வெளியீடு, தாமதமானால் தினசரி அபராதம். 2024 ஜனவரி 1-க்குப் பிறகு ஒரு என்.சி.டி.யைப் பட்டியலிட்ட கம்பெனி, அதன்பின் போடும் என்.சி.டி. எல்லாவற்றையும் பட்டியலிட்டே ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஒரே ஒரு முறை 30 கோடி திரட்ட இந்தச் செட்டப் கட்டுப்படியாகாது.

அப்படியானால் 30 கோடிக்கு எங்கே போவது? வங்கிக்கே, ஆனால் வேறு மாதிரி. உங்கள் விற்றுமுதல் 500 கோடிக்குக் கீழ். இயந்திர முதலீடு 125 கோடிக்குள் இருந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் அமலான வரையறைப்படி நீங்கள் நடுத்தர நிறுவனம். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறதா பாருங்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு எம்.எஸ்.எம்.இ.க்களுக்காக அறிவித்த பரஸ்பரக் கடன் உத்தரவாதத் திட்டம் இயந்திரம் வாங்குவதற்கென்றே வந்தது. 100 கோடி வரை கடனுக்கு 60% உத்தரவாதம். திட்டச் செலவில் 75 சதவீதமாவது இயந்திரமாக இருக்க வேண்டும். 50 கோடி வரையிலான கடனுக்கு எட்டு ஆண்டு தவணையும் அதில் இரண்டு ஆண்டு வரை அசல் விடுப்பும் உண்டு. விண்ணப்பிக்கும்போது 5% முன்பங்களிப்பு கேட்பார்கள், உத்தரவாதக் கட்டணமும் இருக்கும். இன்றைய நிபந்தனைகளை வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி இழுத்தடிப்பதற்குப் பல நேரம் காரணம் பிணை போதாமைதான்; வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். உத்தரவாதத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் பேச்சு நகரும். உங்கள் வங்கி மறுத்தால் அரசு நிதி நிறுவனங்களான சிட்பியிடமும் டி.ஐ.ஐ.சி.யிடமும் டெர்ம் லோன் மட்டும் கேட்கலாம், சி.சி. இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அங்கேயும் பழைய வங்கியின் என்.ஓ.சி. பேச்சு வரும், ஆனால் புதிய இயந்திரத்தின்மீது மட்டும் தனி சார்ஜ் என்றால் வங்கிகள் எளிதாக ஒப்புக்கொள்கின்றன.

எட்டு ஆண்டு, இரண்டு ஆண்டு விடுப்பு என்று வைத்து மூன்றாம் ஆண்டைப் போட்டுப் பார்ப்போம். பழைய கடன்களுக்கு அசல், வட்டி சேர்த்து சுமார் 7.7 கோடி. புதிய 30 கோடிக்கு அசல் 5 கோடி, வட்டி சுமார் 3 கோடி. மொத்தம் 15.7 கோடி. பழைய லாபம் 15.4, லைனிலிருந்து 5, வரி 1.2 போக 19.2 கோடி. டி.எஸ்.சி.ஆர்., அதாவது கட்ட வேண்டிய அசல், வட்டியைப்போல கையிலிருக்கும் பணம் எத்தனை மடங்கு என்பது, 1.22. வங்கிகள் 1.25-க்கு மேல் எதிர்பார்க்கும். கிரெடிட் கமிட்டியில் இது நூலிழையில் தள்ளப்படும் கேஸ். அதே திட்டத்தில் நீங்கள் 5 கோடியைச் சொந்தமாகப் போட்டு 25 கோடி மட்டும் கேட்டால் புதிய கடனுக்கு ஆண்டுக்கு சுமார் 6.7 கோடி, மொத்தம் 14.4 கோடி, டி.எஸ்.சி.ஆர். 1.33. இப்போது அது கையெழுத்தாகும் கேஸ். அந்த 5 கோடிதான் குடும்பப் பணம் நுழைய வேண்டிய இடம். மாமனாருக்கு இதைச் சொல்லுங்கள். அது வங்கிக் கடன் முடியும்வரை திருப்பி எடுக்க முடியாத பணம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அவ்வாறு எழுதிக் கொடுத்தால்தான் வங்கி அதைச் சொந்த முதலாக எண்ணும்.

சி.சி. முழுவதும் பயன்பாட்டில் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. புதிய லைன் ஓடத் தொடங்கும்போது உருக்குக் கம்பிக்கும் ஸ்டாக்குக்கும் கூடுதல் பணம் வேண்டுமே. உங்கள் வாடிக்கையாளர்கள் பெரிய கம்பெனிகள். விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் பில்களைத் தள்ளுபடிக்கு விற்கும் இணையத் தளமான ட்ரெட்ஸில் பதிவு செய்வது கட்டாயம். அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே ஏலத்தில் தள்ளுபடிக்கு விற்கலாம், வட்டி அவர்கள் ரேட்டிங்கை ஒட்டி அமையும், அவர்கள் கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்ப வராது. ஒரு கவனம்: ட்ரெட்ஸில் விற்ற பில்லை மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் கடனாளி பட்டியலிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் காட்டினால் இரட்டை நிதி என்று வங்கி கணக்கையே சந்தேகிக்கும். அதில் கிடைக்கும் பணத்தை இயந்திரத்தில் போடாதீர்கள்.

என்.சி.டி. உங்களுக்குப் பொருந்தும் காலம் வரலாம். ஒரு பங்குதாரரின் பங்கை வாங்க வேண்டும், இன்னொரு ஃபாக்டரி விலைக்கு வருகிறது, ஒன்றரை ஆண்டில் உறுதியாக வரப்போகும் பணத்துக்கு முன்னால் இடைக்காலக் கடன் வேண்டும் என்ற மாதிரி, வங்கிகள் தயங்கும் செலவுகளுக்கு அது நல்ல கருவி. அன்றைக்கும் 2% முன்பணம் தராதீர்கள். டியூ டிலிஜென்ஸ் (கம்பெனியை ஆராய்ந்து பார்க்கும்) செலவுக்கென்று வரம்பு கட்டிய ஒரு சிறு தொகை நியாயம். மிச்சக் கட்டணம் பணம் உங்கள் கணக்கில் வந்த பிறகுதான்.

கன்சல்டன்ட்டிடம் ஏற்கெனவே மேண்டேட் கடிதத்தில் (பணம் திரட்ட அவரை அமர்த்தும் ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டிருந்தால் அதை இன்றே எடுத்துப் படியுங்கள். இரண்டு இடத்தைப் பாருங்கள். அவரைத் தவிர வேறு யார் மூலமும் திரட்டக் கூடாது என்ற வரி இருக்கிறதா. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதம், ஓராண்டு வரை நீங்கள் வாங்கும் "எந்தக் கடனுக்கும்" கட்டணம் உண்டு என்ற வரி இருக்கிறதா. இரண்டாவது இருந்தால் நீங்களே அலைந்து வங்கியில் வாங்கும் 25 கோடிக்கும் அவருக்கு 50 லட்சம் கட்ட வேண்டிவரும். வங்கிக்கு விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே, வங்கி மற்றும் அரசு நிதி நிறுவனக் கடன்கள் இதில் சேராது என்று அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.